பாட்டிலின் மட்டம்: குழந்தைக்கான இரும்புச்சத்து சிரப் பற்றிச் சில விமர்சனக் குறிப்புகள்

போன மாசம் அன்னூர் பக்கம் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். பாப்பாவுக்குப் பத்து மாசம் முடிஞ்சிருக்கு. சாப்பிட்டுக் கை கழுவிட்டு உட்கார்ந்ததும், அலமாரியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துவந்து கையில் கொடுத்தாள். "ஏனுங்ணா, நீங்கதான் எந்நேரமும் எதையாவது படிச்சுட்டே இருக்கீங்களே, இதைப் பாப்பாவுக்குக் குடுக்கலாமுங்களா, வேண்டாமுங்களா?"

அரசு கொடுக்கும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில சிரப். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நர்சம்மா கொடுத்துட்டுப் போயிருக்காங்க. முதல் வாரம் ரெண்டு தடவை கொடுத்திருக்காங்க. பாப்பாவுக்கு மலம் கறுப்பா வந்திருக்கு. மாமியார் பயந்துபோய், "சூட்டைக் கிளப்புது, நிறுத்திரு கண்ணு" என்று சொல்ல, அதோட நின்னுபோச்சு.

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். 50 மில்லி பாட்டில். வாரம் இரண்டு முறை, முறைக்கு 1 மில்லி என்றால் இரண்டு மாதத்தில் 16, 17 மில்லி குறைந்திருக்க வேண்டும். குறைந்திருந்தது 2 மில்லி. ஆனால் சிரப் வழங்கப்பட்ட குழந்தைகளின் கணக்கில் இந்தப் பாப்பாவும் ஒருத்தி.

அன்னைக்கு அவளுக்கு நேரடியா ஒரு பதில் சொல்லலை. "படிச்சுட்டு வந்து சொல்றேன்"னு சொல்லிட்டு வந்தேன். படித்ததன் சுருக்கம்தான் இது. கடைசியில் அவளுக்கு என்ன சொன்னேன் என்பதும் இருக்கு.

பாட்டிலுக்குள் இருக்கும் நியாயம்

முதலில் சிரப்பின் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை, தாயிடமிருந்து வாங்கிய இரும்பை உடம்பில் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு சுமார் ஆறு மாதம் தாங்கும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. இருப்பது நன்றாக உடம்பில் சேரும் என்றாலும், அளவு போதாது. குழந்தை வேகமாக வளர்வதும், சேமிப்பு தீர்வதும், இணை உணவு இன்னும் சரியாகப் பழகாததும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை உள்ள இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் சிரப்.

2013-ல் மத்திய அரசின் தேசிய இரும்பு பிளஸ் திட்டம் இதைக் கொண்டுவந்தது. 2018-ல் 'ரத்தசோகை இல்லா பாரதம்' அதையே விரிவாக்கியது. 6 மாதம் முதல் 59 மாதம் வரை உள்ள குழந்தைக்கு வாரம் இரு முறை 1 மில்லி. அதில் 20 மில்லிகிராம் இரும்பு, 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். வாரத்துக்கு 40 மில்லிகிராம் இரும்பு.

உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சொன்னது வேறு மாதிரி. ரத்தசோகை 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும் இடங்களில், 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்குத் தினமும் 10 முதல் 12.5 மில்லிகிராம், வருடத்தில் தொடர்ந்து மூன்று மாதம். வருடக் கணக்கு போட்டால் அது சுமார் 900 முதல் 1,125 மில்லிகிராம். நம் திட்டம் வருடம் முழுக்க நடந்தால் 2,080. ஆக, நம்ம ஊர் டோஸ் குறைவு என்று சொல்ல முடியாது. உள்ளே போனால்தானே என்பதுதான் கேள்வி.

ஏறிய எண்

தேசிய குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றில் (2015-16) தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 50.7 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்தாம் சுற்றில் (2019-21) அது 57.4. இந்திய அளவில் 58.6-லிருந்து 67.1. இரண்டு சுற்றுகளுக்கும் நடுவில்தான் 'ரத்தசோகை இல்லா பாரதம்' தொடங்கியது. திட்டம் வந்த பிறகு எண் ஏறியிருக்கிறது.

இதை வைத்து "சிரப் வேஸ்ட்" என்று ஒரு தரப்பு சொல்கிறது. அவசரம் வேண்டாம். குடும்பநல ஆய்வு, விரலில் (குட்டிக் குழந்தைக்குக் குதிகாலில்) குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை அளக்கிறது. குத்தும்போது விரலை அழுத்திப் பிழிந்தால் ரத்தத்தோடு திசு நீரும் கலந்து, ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும். 2016-18-ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தது. அதில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் சுமார் 41 சதவீதம் பேருக்குத்தான் ரத்தசோகை. வயது வரம்பு வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துவிட முடியாது; ஒரு வயதுக்குள் இருக்கும், அதிகம் பாதிக்கப்படும் குழந்தைகள் இரண்டாவது ஆய்வில் இல்லை. இருந்தும் இவ்வளவு பெரிய இடைவெளியை வயதின் தலையில் மட்டும் கட்ட முடியாது.

அதே ஆய்வில் 1 முதல் 4 வயதில் இரும்புக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 32 சதவீதம். ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை. அடிக்கடி வரும் தொற்று, குடற்புழு, பி12 குறைவு, பிறவியிலேயே வரும் ரத்தக் கோளாறுகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண். இரும்பைக் கொட்டினால் இரும்புக் குறைபாட்டுப் பங்கு மட்டுமே இறங்கும்.

என் விமர்சனம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நம்மிடம் இரண்டு எண்கள் இருக்கு. ஒன்று, எத்தனை பாட்டில் போனது என்ற கணக்கு. இன்னொன்று, சில வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஹீமோகுளோபின் சதவீதம். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய மூன்றாவது எண், அதாவது குழந்தையின் வாய்க்குள் எவ்வளவு போனது என்பது, அந்த அலமாரி பாட்டிலில் இருக்கு. அதை யாரும் வந்து பார்ப்பதில்லை.

இரும்பு பற்றிய மூன்று ஆய்வுகள்

வாட்ஸப்பில் சுத்தும் "இரும்பு சிரப் குழந்தையைக் கொல்லும்" வகைச் செய்திகளுக்கு மூலம் பெரும்பாலும் ஒரே ஆய்வு. தான்சானியாவின் சான்சிபார் பகுதியில் உள்ள பெம்பா தீவில், 1 முதல் 35 மாதக் குழந்தைகளுக்குத் தினமும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். இரும்பு பெற்ற குழந்தைகளிடம் இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்ந்து 12 சதவீதம் அதிகம். 2003-ல் அந்தப் பிரிவை நடுவிலேயே நிறுத்தினார்கள். 2006-ல் முடிவு வெளியானது.

பயமுறுத்தும் முடிவுதான். ஆனால் பெம்பாவில் மலேரியா வருடம் முழுக்கப் பரவும். மலேரியாக் கிருமிக்கும் இரும்பு வேண்டும். அதே ஆய்வுக்குள் ஒரு சிறு குழுவில், உண்மையிலேயே இரும்புக் குறைவோடு இருந்த குழந்தைகளுக்கு இரும்பு நன்மைதான் செய்தது. அதே சமயத்தில் மலேரியா குறைந்த நேபாளத் தராயில் நடந்த ஆய்வில் இறப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் பெம்பா அளவு மலேரியா கிடையாது. அந்த பயத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்யத் தேவையில்லை.

மூன்றாவது வங்கதேச ஆய்வு, 2021-ல் வெளியானது. எட்டு மாதக் குழந்தைகள் 3,300 பேர். ஒரு குழுவுக்கு இரும்பு சிரப், ஒரு குழுவுக்குச் சோற்றில் தூவும் நுண்சத்துப் பொடி, ஒரு குழுவுக்கு வெறும் போலி மருந்து. மூன்று மாதம் தினமும். ரத்தசோகை நன்றாகக் குறைந்தது. ஆனால் அறிவு வளர்ச்சிச் சோதனையில் மூன்று குழுவுக்கும் வித்தியாசமே இல்லை.

நம்ம ஊரில் சிரப் கொடுக்கும்போது சொல்லப்படும் முதல் வாசகம் "மூளை வளர்ச்சிக்கு நல்லது" என்பதுதான். எட்டு மாதத்தில் தொடங்கி மூன்று மாதம் கொடுத்தால் அந்தப் பலன் கிடைக்கிறது என்பதற்கு இந்த ஆய்வு ஆதரவாக இல்லை. அதற்காக இரும்புக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை என்றும் வாசிக்கக் கூடாது. மூளைக்கு இரும்பு தேவைப்படும் முக்கியமான காலம் கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது. எட்டாம் மாதம் வரை காத்திருந்து கொடுத்தது தாமதமாக இருக்கலாம். தாயிடம் சொல்ல வேண்டிய நேர்மையான வாசகம்: "ரத்தம் தேறும், சோர்வு குறையும்." அதற்கு மேல் வாக்குறுதி கொடுத்து, குழந்தை மலம் கறுத்ததும் நம்பிக்கை உடைவதுதான் நடக்குது.

திருச்சியில் நடந்தது

நுண்சத்து ஆய்வில் உலகமே திரும்பிப் பார்த்த ஒரு வேலை தமிழ்நாட்டில் நடந்திருக்கு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 குழந்தைகளிடம் வைட்டமின் ஏ ஆய்வு நடத்தினார்கள். முடிவு 1990-ல் வந்தது. ஒரு வருடம், வாரா வாரம் ஒரு சிறிய டோஸ்: 8,333 யூனிட். குழந்தை இறப்பு 54 சதவீதம் குறைந்தது. மூன்று வயதுக்குள் இருந்த, நலிந்த குழந்தைகளுக்குத்தான் அதிகப் பலன்.

ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். சொட்டு மருந்து கொடுக்க வாரா வாரம் ஒரு ஆள் வீட்டுக்கு வந்தார். வைட்டமின் ஏ பெறாத குழுவுக்கும் அதே வாராந்திர வருகை இருந்தது. ஆக, வித்தியாசத்துக்குக் காரணம் வைட்டமின் ஏ-தான். வருகை மட்டும் அல்ல. ஆனால் வருகை இல்லாமல் அந்த டோஸ் வாய்க்குள் போயிருக்காது.

இதே குழுவினர் தமிழ்நாட்டில் 11,619 பச்சிளங்குழந்தைகளுக்குப் பிறந்த கையோடு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். 2003-ல் வந்த முடிவில் ஆறு மாதத்துக்குள் இறப்பு சுமார் 22 சதவீதம் குறைந்திருந்தது. பிறகு ஹரியானா, கானா, தான்சானியா என மூன்று இடங்களில், மொத்தம் ஏறக்குறைய ஒரு லட்சம் குழந்தைகளிடம் அதையே சோதித்தார்கள். 2015-ல் வந்த முடிவுகளில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அதற்கு முன்பே உத்தரப்பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய டோஸ் வைட்டமின் ஏ கொடுத்த ஆய்வில் (2013) கிடைத்தது வெறும் 4 சதவீதக் குறைவு. அதுவும் தற்செயலாக இருக்கலாம்.

எந்த ஊரில் எவ்வளவு குறைபாடு இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் மாத்திரை வேலை செய்யும். 1980-களின் திருச்சிக் கிராமமும் இன்றைய அன்னூரும் ஒன்றல்ல. 1970-லிருந்து நாடு முழுக்க ஒரே அளவில் ஓடும் திட்டங்களை அவ்வப்போது மாவட்டவாரியாக மறுபடி அளந்து பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம்.

இன்னொரு பாடம் வருகை பற்றியது. 1980-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதா மாதம் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. தேறியதும் நிறுத்தம். யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று குழந்தையைப் பார்த்து முடிவு செய்த திட்டம் அது.

2013 சிரப் திட்டத்திலும் காகிதத்தில் வருகை உண்டு. ஆஷா பணியாளர் வாரம் இருமுறை வீட்டுக்கு வந்து தன் கண் முன்னால் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளில்தான். சமவெளியில் அந்த வேலை கிராம சுகாதார செவிலியர் தலையிலும் பால்வாடி டீச்சர் தலையிலும் விழுகிறது. ஒரு செவிலியருக்குச் சுமார் 5,000 மக்கள் என்பது விதி. அதில் 6 முதல் 59 மாதக் குழந்தைகள் கிட்டத்தட்ட 300 பேர் இருப்பார்கள். வாரம் இருமுறை என்றால் 600 வீட்டு வருகை! கர்ப்பிணிப் பரிசோதனை, தடுப்பூசி, பதிவேடு எல்லாம் போக. யாராலும் முடியாது. அதனால் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நர்சம்மா மேல எனக்குக் கோபம் இல்லை. கணக்குப் போடாமல் வேலை கொடுத்தவர்கள் மேல்தான்.

ராகிக் கூழ் மட்டும் போதுமா?

இதுவரை படித்துவிட்டு "அப்போ மருந்து வேண்டாம், நம்ம பாரம்பரிய உணவே போதும்" என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கு.

கோவைக்கு இதில் ஒரு பழைய பெருமை உண்டு. ராஜம்மாள் தேவதாஸ் வழிநடத்திய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் 'குழந்தை அமுது' என்று ஒரு இணை உணவு உருவானது. வறுத்த தானியம், பாசிப்பயறு, நிலக்கடலை, வெல்லம். நம்ம பக்கத்துக் காட்டில் விளைவதை வைத்தே குழந்தைக்குப் புரதமும் சக்தியும் கொடுக்க முடியும் என்று காட்டிய வேலை. பால்வாடியில் தரும் சத்துமாவும் தானியம், கடலை, வெல்லம் என்ற இதே வழியில் வந்ததுதான். அதில் வைட்டமின், தாது உப்புக் கலவையும் சேர்க்கிறார்கள்.

ஆனால் இரும்புக் கணக்கு தனி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் 4.6 மில்லிகிராம் இரும்பு, கம்பில் 6.4, தீட்டிய அரிசியில் 0.65. பத்து மாதக் குழந்தை ஒரு நாளைக்கு 30 கிராம் ராகி மாவுக் கூழ் குடித்தால் 1.4 மில்லிகிராம். ராகியில் இருக்கும் ஃபைட்டேட் இரும்பைப் பிடித்துக்கொள்வதால், நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்ந்தாலே அதிகம். அதாவது 0.07. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் இந்த வயதுக்கு உடம்பில் தினமும் சேர வேண்டியது சுமார் 0.9 மில்லிகிராம். நம்ம ஐசிஎம்ஆர் 2020 பரிந்துரை உணவில் 3 மில்லிகிராம் போதும் என்கிறது. அமெரிக்கா 11 என்கிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும் ராகிக் கூழ் தனியாக எட்டாது. ராகியின் பெருமை கால்சியத்தில் இருக்கு, இரும்பில் இல்லை.

முளைகட்டினால், ஊறவைத்தால், புளிக்க வைத்தால் ஃபைட்டேட் குறையும். எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி சேர்த்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். அசைவ வீடு என்றால் மசித்த கோழி ஈரல் இந்தப் பட்டியலில் எல்லாவற்றையும் விட மேல். இதற்கு நேர் எதிரானது டீயில் பிஸ்கட் நனைத்து ஊட்டும் பழக்கம். நம்ம பக்கம் எட்டு மாசக் குழந்தைக்கே இது நடக்குது. டீயில் உள்ள டானின், உணவில் வந்த கொஞ்ச இரும்பையும் சேர விடாது.

இதையெல்லாம் யார் செய்வது என்பது அடுத்த கேள்வி. பனியன் கம்பெனியிலும் விசைத்தறியிலும் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கும் பெண்ணுக்கு, சட்டத்தில் உள்ள 26 வார மகப்பேறு விடுப்பு எட்டாக்கனி. குழந்தை பாட்டியிடம் வளரும். பாட்டிக்கு முட்டி வலி. முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை சுடச்சுட ஊட்டுங்கள் என்று யூடியூபில் சொல்பவர்கள் அந்தப் பாட்டியைக் கணக்கில் எடுப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு 1 மில்லி சிரப் பெரிய உதவி.

பிரசவ அறையில் தவறவிடும் இரும்பு

குழந்தையின் முதல் சேமிப்பு தாயிடமிருந்து வருகிறது. ஐந்தாம் சுற்று ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதைக் குணப்படுத்தாமல் குழந்தைக்கு மட்டும் சிரப் ஊற்றுவது, மேல் தொட்டி காலியாக இருக்கும்போது குழாயைத் திருகுவது மாதிரி.

இதைவிட எளிதான ஒன்றும் இருக்கு. பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஓரிரு நிமிடம் காத்திருந்தால், குழந்தைக்கு 27 முதல் 47 மில்லிகிராம் வரை கூடுதல் இரும்பு சேர்கிறது என்று 2006-ல் மெக்சிகோ ஆய்வு காட்டியது. ஒன்று முதல் இரண்டு மாதத் தேவைக்குச் சமம். செலவு கிடையாது, மலம் கறுக்காது, மாமியார் சம்மதம் வேண்டாம். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்குது. அதில் 44.9 சதவீதம் சிசேரியன். சிசேரியனிலும் காத்திருக்க முடியும். பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவையுங்கள். பாட்டில் கணக்கு எழுதும் பதிவேட்டில் இதற்கும் ஒரு கட்டம் வைத்தால் என்ன?

தங்கச்சிக்குச் சொன்னது

போன ஞாயிற்றுக்கிழமை போன் போட்டுச் சொன்னேன்.

கொடு. வாரம் ரெண்டு நாள், நாள் மறக்காமல் இருக்க செவ்வாயும் வெள்ளியும் வெச்சுக்கோ. சாப்பிட்டு அரை மணி கழிச்சு. பாலோடயும் டீயோடயும் வேண்டாம். மலம் கறுப்பா வரும். அது சேராத இரும்பு வெளியே வர்றது, பயப்பட ஒண்ணுமில்லை. இறுகிப்போனால் தண்ணி, பழம் கூடக் குடு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தா அன்னைக்கு நிறுத்திட்டு, சரியானதும் தொடரு. வீட்டில் யாருக்காவது தலசீமியா மாதிரி ரத்தக் கோளாறு இருந்தா, முதல்ல டாக்டரைக் கேளு.

அப்புறம் ஒண்ணு. இது யாரும் அவளிடம் சொல்லாதது. ஒரு பாட்டிலில் மொத்தம் 1,000 மில்லிகிராம் இரும்பு இருக்கு. 8 கிலோ குழந்தைக்கு ஒரே நேரத்தில் 480 மில்லிகிராம் போனால், அதாவது பாட்டிலில் பாதிக்கும் குறைவாகக் குடித்தாலே, உயிருக்கு ஆபத்து. அதில் மூன்றில் ஒரு பங்கே வாந்தி, வயிற்றுவலி கொண்டுவரும். இனிப்பான சிரப், பாப்பா இப்போ தவழ்ந்து போய் எல்லாத்தையும் வாயில் வைக்கிறாள். கீழ் அலமாரியில் வைக்காதே, மேல வை. ஒருவேளை குடிச்சுட்டா, வாந்தி வருதான்னு பார்த்துட்டு உட்காராம, பாட்டிலையும் எடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போ.

"சரிங்ணா. அத்தைகிட்ட நீங்களே ஒருக்கா சொல்லிருங்க"ன்னு போனை மாமியாரிடம் கொடுத்தாள். அவங்களிடம் மலம் கறுப்பது பற்றி மட்டும் பேசினேன். பொறுமையாகக் கேட்டுட்டு, "இதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க ஏன் சாமி நிறுத்தப்போறோம்?" என்றார்கள்.

அடுத்த முறை போகும்போது பாட்டிலைத் தூக்கிப் பார்க்கணும். இன்னும் ரெண்டு மாசத்தில் 30 மில்லியாவது இறங்கியிருக்கும் என்று எழுத ஆசைதான். கணக்குப்படி இன்னும் 17 மில்லி இறங்கினால் போதும்.